எடுத்துப்போட்ட நாற்று

குன்னூர்
12-3-1935

அக்காவுக்கு வெள்ளியங்கிரி எழுதுவது. நான் சுகம். குளிர் விட்டுவிட்டது. இந்த உறைக்குள் ஒரு பொட்டலம் இருக்கும். மச்சான் கைக்குப் போகும் முன் நீங்கள் எடுத்து வையுங்கள், அவர் மூக்குப்பொடி என்று பிரித்துவிடுவார்.

உள்ளே இருப்பது சீமைத் தக்காளி விதை. துரை தோட்டத்தில் நாற்று மேஸ்திரியாகச் சேர்ந்த நாலு வருஷத்தில் எனக்கென்று நான் செய்த வேலை இது ஒன்றுதான். போன வருஷம் மதுக்கரையில் நீங்கள் வைத்த தக்காளி என்ன ஆயிற்று? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று அடித்த அடியில் குச்சி, கயிறு, செடி மூன்றும் பக்கத்துத் தோட்டத்துக் குமாரசாமி அண்ணன் வேலியில் போய்க் கிடந்தன. காற்றுக்கு நிற்கிற செடி வேண்டும். துரைக்குச் சீமையிலிருந்து ஒரு குட்டை ஜாதி வந்தது. முழங்கால் உயரம், பெருவிரல் கனத்தில் தண்டு. பழம்தான் சுண்டைக்காய். அதன் மகரந்தத்தை எடுத்து, பெரிய பழம் காய்க்கும் நெட்டைச் செடியின் பூவில் வைத்தேன். பிறந்த பிள்ளைகள் அத்தனையும் நெட்டை. துரை சிரித்தார். ஆனால் குட்டைக் குணம் உள்ளே ஒளிந்திருக்கும், பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்றாக வெளியே வரும் என்று புத்தகம் சொல்கிறது. பொட்டலத்தில் இருப்பது பேரப்பிள்ளைகள். இங்கே அந்தப் பாத்தியைத் துரைசானி ரோஜாவுக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு விதை இல்லை, இவ்வளவுதான்.

தை மாசம் குமாரசாமி அண்ணன் மகளைப் பார்க்க வைத்தீர்கள். குட்டைப் பெண் வேண்டாம் என்று சொல்லி ரயில் ஏறினதிலிருந்து உங்கள் கடுதாசியில் காரம் தூக்கல். அதனால் ஒரு பந்தயம். ஆடிக்காற்றில் நிற்கிற, நல்ல பழம் காய்க்கிற குட்டைச் செடி ஒன்றாவது வந்தால் நீங்கள் இனிப் பெண் பேச்சே எடுக்கக்கூடாது. வராவிட்டால் நீங்கள் காட்டும் பெண்ணுக்குத் தலையாட்டுகிறேன்.

தம்பி
வெள்ளியங்கிரி


மதுக்கரை
4-4-1935

தம்பிக்கு அக்கா பழனாத்தா சொல்லி எழுதறது. உங்க மச்சான் எழுதினா நலம், நலமறிய ஆவல், மழை இல்லைன்னு முடிச்சுப்போடுவாரு. அதனால நல்லாப் படிச்ச ஆளாப் புடிச்சு உக்கார வெச்சிருக்கேன். யாருன்னு கேக்காதே. நான் சொல்றதை ஒரு எழுத்து விடாம எழுதோணும்னு பேச்சு.

உன்ற பந்தயத்துக்குச் சம்மதம். புளி கொட்டிக் கெடக்கற ஊட்டுல தக்காளி எதுக்குன்னு உங்க மச்சான் கேட்டாரு. என்ற தம்பி கல்யாணம் இதுலதான் தொங்குதுங்கன்னேன், வாயை மூடிக்கிட்டாரு. கெணத்து மேட்டுல பாத்தி கட்டி, சாம்பல் தூவி, வெதை போட்டாச்சு. கோழிக்குப் பயந்து முள்ளு போட்டு வெச்சிருக்கேன்.

குட்டைப் பொண்ணு வேண்டாம்னு ஓடினவன் குட்டைத் தக்காளிக்கு நாலு வருசமாத் தவம் கெடக்கறான். இதை ஊருக்குள்ள சொன்னாச் சிரிப்பாங்க. சொல்லல. நானே சிரிச்சுக்கறேன்.

அக்கா

எழுதுபவர் சேர்ப்பது: முளைத்தவை நூற்று அறுபத்து எட்டு. இரண்டு முறை எண்ணினேன். சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைப்போல எழும்பவில்லை. தண்டு கனமாக இருக்கிறது, இலை கருத்துச் சுருங்கியிருக்கிறது. இது நோயா, குணமா என்று தெரியவில்லை. தெரிவிக்கவும்.


குன்னூர்
8-4-1935

அக்காவுக்கு.

அந்த எழுதும் பெரியவரை விட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியாராகத்தான் இருக்கவேண்டும். நோயா குணமா என்று கேட்டாரே, அந்தக் கேள்வியைத் துரைகூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை. வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணாடிக் கூடத்தில் இருந்த வேலையாட்களிடமெல்லாம் படித்துக் காட்டினேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது ஒரே வேலை. நாற்று நாலாம் இலை விட்டதும், குட்டையாக, இலை கருத்துச் சுருங்கி நிற்பதை எல்லாம் பொறுக்கி எடுத்துப்போடுங்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது. தாமதமும் வேண்டாம்.

குமாரசாமி அண்ணன் மகளைப் பற்றி மறுபடியும் சாடையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் என் தோளுக்குக்கூட வரவில்லை. காரமடைத் தேருக்குக் கூட்டிப்போனால் கூட்டத்தில் தொலைத்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். இதோடு விட்டுவிடுங்கள்.

வெள்ளியங்கிரி


மதுக்கரை
19-4-1935

தம்பிக்கு.

நீ சொன்னபடி செஞ்சுபோட்டேன். கருத்துச் சுருங்கின குட்டை நாத்து ஒண்ணு விடாமப் புடுங்கி வேலி ஓரம் வீசியாச்சு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. நாத்துல நோஞ்சானை எடுத்துப்போட்டு நல்லதை விடறது நாம காலங்காலமாப் பண்றதுதானே. இப்ப நிக்கறதெல்லாம் பாக்கப் பாக்க ஆசையா இருக்குது, ஒவ்வொண்ணும் ஒரு முழம். செடி குட்டையா வேணும்னா அப்பறமாத் தலையைக் கிள்ளி உட்டுக்கலாம். நேத்து எல்லாத்தையும் பிரிச்சு நட்டாச்சு.

முதுகு கழண்டு போச்சு. நல்லெண்ணெய் தேச்சுக் குளிச்சேன். உன்ற துரைகிட்டச் சொல்லு, பழனாத்தா வேலைன்னா வேலைதான்னு.

அக்கா

எழுதுபவர் சேர்ப்பது: பிடுங்கியவை நாற்பத்து ஒன்று. மீதி நூற்று இருபத்து ஏழு. தங்கள் கடிதத்தை அக்காவுக்கு முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், காரமடைத் தேர் உட்பட. நான் வாத்தியார் அல்ல.


குன்னூர்
22-4-1935

அக்கா,

எடுத்துப்போடுங்கள் என்றால் எடுத்து வையுங்கள் என்று அர்த்தம். அந்தக் குட்டைதான் நான் கேட்டது. நாலு வருஷமாக நான் தேடினது அந்த நாற்பத்து ஒன்றைத்தான். கணக்காக நாலில் ஒன்று. புத்தகத்தில் உள்ளபடியே வந்திருக்கிறது, வந்த இடத்திலேயே செத்தும் போயிற்று.

நீங்கள் என்ன பாஷை பேசுகிறீர்கள்? வந்துபோட்டேன் என்கிறோம், சாப்பிட்டுப்போட்டேன் என்கிறோம், தூங்கிப்போட்டேன் என்கிறோம். அப்போதெல்லாம் எதை வீசுகிறோம்? நம் ஊர்ப் பேச்சில் போடு என்பது சும்மா ஒட்டிக்கொண்டு வருவது. குன்னூருக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் நான் அதை மறக்கவில்லை, ஊரிலேயே இருக்கிற நீங்கள் மறந்துவிட்டீர்களா? பக்கத்தில் படித்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

நெட்டை நூற்று இருபத்து ஏழை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். யாரை வேண்டுமானாலும் காட்டுங்கள். எனக்கு இனிமேல் இதைப் பற்றிக் கடுதாசி போடவேண்டாம்.

வெள்ளியங்கிரி


மதுக்கரை
26-5-1935

தம்பிக்கு.

ஒரு மாசம் உனக்குக் கடுதாசி போடல. வேணும்னேதான் போடல. வெயில்ல குனிஞ்சு நாத்துப் புடுங்கினவளுக்கு நீ எழுதின மருவாதி எனக்கு நெஞ்சுல குத்திப்போட்டுது. சாப்பிட்டுப்போட்டேன்னா வீசறதில்ல, ஒத்துக்கறேன். குப்பையை எடுத்துப்போடுன்னா? பல்லு ஆடுது, எடுத்துப்போடுன்னா? எடுத்துத் தனியா நடுங்கன்னு எழுதறதுக்கு உன்ற பேனாவுல மை இல்லியா? இலை சுருங்கிப்போச்சு, இது நோயான்னு கேட்டிருக்கு. அதுக்குப் பதில் சொல்லாம வணக்கம் சொன்னவன் நீ. தப்புல பாதி உன்றது.

இப்பக் கேட்டுக்கோ. நேத்து மோருக்குக் குமாரசாமி அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அவங்க தொட்டிக்குப் பின்னால, தண்ணி வழியற எடத்துல, வரிசையாத் தக்காளி நிக்குது. முழங்காலுக்குக் கீழதான், தண்டு ஒவ்வொண்ணும் ஒலக்கைக் கணக்கா. பக்கத்துல குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு நெம்பர். முப்பத்தெட்டு. ஏன் அம்மணி, இதேதுன்னு கேட்டேன். நீங்க வேலியோரம் வீசினதுதானுங்கன்னு சொல்லுது.

சாந்தாமணிதான், வேற யாரு. கோயமுத்தூர்ல அத்தை ஊட்டுல இருந்து எட்டாவது படிச்ச புள்ளை. உனக்கு இந்தக் கடுதாசியெல்லாம் எழுதறதும் அதுதான். நீ எழுதறதையெல்லாம் எனக்கு வாய்விட்டுப் படிச்சதும் அதுதான். தேர்ல தொலைச்சுப்போட்டு வருவேன்னு எழுதினியே, அதையும்.

(இந்த வரிகளை எழுதமாட்டேன் என்றேன். ஒரு எழுத்து விடக்கூடாது என்று பேச்சு, எழுது என்கிறார்.)

அக்கா

எழுதுபவர் சேர்ப்பது: எடுத்துப்போடுவதன் அர்த்தம் அன்றைக்கு எனக்கும் தெரியாது. குட்டை என்பதற்காக வீசப்பட்டுக் கிடந்ததைத் தாண்டி நடக்க முடியவில்லை, மடியில் அள்ளிக்கொண்டு போனேன். மூன்று காய்ந்துவிட்டன. அக்காவிடம் உடனே சொல்லாதது என் தவறு. உங்களிடம் சொல்லாதது தவறு என்று நினைக்கவில்லை.

சாந்தாமணி


குன்னூர்
30-5-1935

அக்காவுக்கு.

நாலு தாள் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது. இதை யார் படிக்கப்போகிறார் என்று இப்போது தெரியும், அதனால் பேனா நகரமாட்டேன் என்கிறது.

உங்களைத் திட்டினது பெரிய தப்பு. பாதித் தப்பு என்னுடையது என்றீர்கள், முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவருக்கு: நான் எழுதியது ஈனமான பேச்சு. உங்கள் குரலாலேயே அதைப் படிக்கவைத்துவிட்டேன். வாத்தியார், பெரியவர் என்றெல்லாம் எழுதினேன். வேலையாட்களிடம் படித்துக் காட்டின கடுதாசி யாருடையது என்று அவர்கள் இப்போது கேட்கிறார்கள், நான் பூவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறேன்.

முப்பத்தெட்டும் உயிரோடு இருக்கிறது என்று படித்தபோது அழுதுவிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தலை கிள்ளவேண்டாம், குச்சி கட்டவேண்டாம். காற்றுக்கு நிற்கிறதா என்று அதுவாகத் தெரியட்டும். எந்த நம்பரில் பழம் பெரிது என்று மட்டும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் குறிப்பார் என்று தெரியும்.

வெள்ளியங்கிரி


மதுக்கரை
24-7-1935

தம்பிக்கு.

காத்து வந்து எட்டு நாளாச்சு. மாட்டுக்கொட்டாய்க் கூரையில பாதி பறந்துபோச்சு. உங்க மச்சான் துண்டு பறந்து போனது போனதுதான். நான் ஆசையா நட்ட நெட்டை நூத்து இருபத்தேழும் பாயை விரிச்சாப்பலப் படுத்திருக்குது. நல்ல நாத்துன்னு நானே பொறுக்கி நட்டது. பாக்கவே வெக்கமா இருக்குது.

சாந்தாமணிது முப்பத்தெட்டும் நிக்குது. ஒண்ணுகூடச் சாயல. பழம் அத்தனையும் ஒரே மாதிரி இல்ல. நெறையச் செடில கோலிக்குண்டுதான். பதினேழாம் நெம்பர்ல மட்டும் சின்ன மாதுளங்காய் அளவு, செவந்து தொங்குது. ரசம் வெச்சேன். உங்க மச்சான் மூணு தடவை ஊத்திக்கிட்டாரு, புளி எதுக்குன்னு இப்பக் கேக்கறாரு.

ஆகப் பந்தயத்துல நீ ஜெயிச்சுப்போட்டே. இனி உனக்குப் பொண்ணுப் பேச்சு எடுக்கமாட்டேன். பேச்சுன்னாப் பேச்சுதான். ஊர்ச் சேதி மட்டும் சொல்றேன். அந்தியூர்ல குதிரை விக்கற குருதச் சந்தை நடக்குதில்ல, அது முடிஞ்சதும் அங்கிருந்து சாந்தாமணியைப் பாக்க வர்றாங்களாம். மாப்பிள்ளை உன்னைவிட உசரமாம்.

(எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.)

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு நீ வந்தா வா. செடியைப் பாத்துட்டுப் போலாம்.

அக்கா


குன்னூர்
6-8-1935

அக்காவுக்கு.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறும்போது பலகாரத் தூக்கை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோம்பிக்கு வந்தது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் குமாரசாமி அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தக்காளியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேட்கவேண்டியதைக் கேட்காமல் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். சாந்தாமணி வெளியே வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

ரயிலில் யோசித்தேன். பந்தயத்தில் ஜெயித்தது நான் இல்லை அக்கா. நான் விதைதான் அனுப்பினேன். அனுப்பின விதையை என் எழுத்தாலேயே சாகடித்தேன். நான் பிழைக்க வைக்காத செடிக்கு நான் எப்படி ஜெயித்தவன் ஆவேன்? அதனால் தோற்றுப்போனேன் என்று இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். தோற்றவன் நீங்கள் காட்டும் பெண்ணுக்குத் தலையாட்டவேண்டும் என்பதுதான் பேச்சு. தயவுசெய்து காட்டுங்கள். அந்தியூர்க்காரர் வருவதற்கு முன்னால் காட்டுங்கள்.

வெள்ளியங்கிரி


மதுக்கரை
12-8-1935

வெள்ளியங்கிரி அவர்களுக்கு சாந்தாமணி எழுதுவது.

இந்தத் தடவை யாரும் சொல்லி எழுதவில்லை. உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பதிலை நீயே எழுது அம்மணி என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன்.

அந்தியூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போனார்கள். நல்ல மனிதர்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லச் சொன்னது நான்.

நோம்பியன்று அப்பாவிடம் பேசினதை உள்ளே இருந்து கேட்டேன். குட்டைக் குணம் இனி மாறாது, ஆனால் பழத்தின் அளவு நிலைக்குமா என்பது இன்னொரு தடவை விதைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்குள் அவசரப்பட்டு ஊருக்கு விதை கொடுத்தால் பேர் கெட்டுவிடும் என்றீர்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. உங்களுக்கு என்மேல் மனசு மாறி இரண்டு மாசம் ஆகிறது. நான் முப்பத்தெட்டு நாற்றைக் காப்பாற்றினதால் வந்த மாற்றம் அது. காப்பாற்றாமல் தாண்டிப் போயிருந்தாலும் நான் இதே ஆள்தான், இதே உயரம்தான். அப்போது என்னைக் கேட்டிருக்கமாட்டீர்கள். நன்றிக்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வது நாலு நாளுக்குமேல் தாங்காது.

ஒன்று சொல்லவேண்டும். தை மாசம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு நிலையில் என் தலை எதுவரை வருகிறது என்றுதான் பார்த்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தேர்ப் பேச்சைப் படித்தபோது குரல் மாறாமல்தான் படித்தேன், அக்காவுக்கு எதுவும் தெரியாது. பிடிக்காத ஒருவர் எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பதினேழாம் நம்பர் விதையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். புரட்டாசி முதல் வாரத்தில் போடுகிறேன். தையில் பழம் வரும். அப்போது வந்து பாருங்கள். அன்றைக்கு அப்பா என்னைக் கேட்பார், நான் சொல்வேன். அதுவரை யாருக்கும் வாக்கு இல்லை, அந்தியூருக்கும் இல்லை.

சாந்தாமணி


குன்னூர்
14-8-1935

சாந்தாமணிக்கு.

உறை வாங்காமல் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர், மச்சான், உங்கள் அப்பா எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

நீங்கள் எழுதியது அத்தனையும் நிஜம். அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை.

தையில் பழம் பார்க்க வரச் சொன்னீர்கள். அப்படி வரமாட்டேன். துரையிடம் நாலு மாச லீவு கேட்டிருக்கிறேன், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புரட்டாசியில் விதை போடுகிற அன்றைக்கே வருகிறேன். நாற்றில் எது நிற்கவேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வெள்ளியங்கிரி